பாறை தின்னும் சோப்பு

மூடியை இறுக்கி, பாட்டிலை மூன்று முறை கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடிக்கிறார். பாறைத்தூள் மெல்ல இறங்குகிறது. நுரை எத்தனை விரற்கடை நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலை எடுக்கிறார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘நுரையண்ணன்’ என்று பெயர். கூப்பிட்டால் திரும்புவார், கோபம் கிடையாது.

எண்ணெய்க் கிணற்றுக்கு வயதாகிவிட்டால், மிச்ச எண்ணெய் பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அதைக் கழற்ற, சோப்பு போன்ற ஒரு ரசாயனத்தைத் தண்ணீரில் கலந்து உள்ளே செலுத்துவார்கள். ஆனால் எண்ணெயைப் போய்ச் சேருமுன்பே அந்தச் சோப்பைப் பாறை தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஒரு கிராம் பாறை எவ்வளவு தின்கிறது என்று அளப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக இவர் வேலை. “பலகாரத்தைக் குடுத்தனுப்பினா, வழியில இருக்கிறவன் எல்லாம் எடுத்துத் தின்னுட்டா? போய்ச் சேர்றது வெறும் பாத்திரந்தானே!” என்பார்.

பாட்டில் கழுவ வந்தவர். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது. தூளும் சோப்புக் கரைசலும் ஒரு நாள் முழுக்கச் சுழன்றபின், மிச்சமிருக்கும் சோப்பை அளக்க, தெளிந்த நீரில் சாயம் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விடுவார். அடியில் நிற்கும் இளஞ்சிவப்பு, சாம்பலாகி, நீலத்துக்குத் தாவும். அந்தச் சாம்பலில் நிறுத்த வேண்டும். அப்போது யாராவது பேச வந்தால் இடது கை மட்டும் உயரும். மேலாளரும் அங்கேயே நின்றுவிடுவார். பாறை போடாத பாட்டில் ஒன்றும் கூடவே சுழலும். பாட்டிலே சோப்பைத் தின்றிருந்தால் கல்லைக் குற்றம் சொல்லக்கூடாது அல்லவா?

“தட்டு கழுவினா மூணு தடவை வெளிச்சத்துல பாப்பாரு. அதுக்குள்ள சோறு ஆறிடும்” என்கிறார் மனைவி.

சென்ற மாதம் ஒரு கிணற்றுப் பாறைக்கு இவர் கொடுத்த எண், எல்லோரும் பயந்ததைவிடக் குறைவு. இரண்டு வருடமாக அந்தத் திட்டத்துக்கு அலைந்த பெண் பொறியாளர் ஆய்வுக்கூடம் முழுக்க இனிப்பு கொடுத்தார். திங்கட்கிழமை கிணற்றில் சோப்பை இறக்குவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை, அந்தச் சோதனையில் பயன்படுத்தாமல் மீந்த தூளைக் கொட்டுமுன், வெறும் தண்ணீர் விட்டுக் குலுக்கினார். நுரைத்தது. சோப்பைப் பார்க்காத பாறை அப்படி நுரைக்காது. அது பழைய சோதனை ஒன்றில் சோப்பு குடித்து, கழுவி வைக்கப்பட்ட துண்டிலிருந்து இடித்த தூள். வயிறு நிறைந்த கல். அதனால்தான் குறைவாகத் தின்றிருக்கிறது. பாறைத்துண்டுகள் அடுக்கிய தட்டை மாற்றி எடுத்தவர் இவரேதான்.

நேராகப் பொறியாளர் மேசைக்குப் போனார்.

“அந்த நம்பர் தப்பும்மா. கல்லு ஏற்கெனவே சாப்பிட்ட கல்லு.”

“விளையாடாதீங்கண்ணே. திங்கக்கெழமை பம்பு ஓடணும்.”

“விளையாடுற மூஞ்சியா இது?”

“இப்போ தள்ளிப்போட்டா திட்டம் என் கையிலயே இருக்காது. கொஞ்சந்தானே வித்தியாசம் வரும்? உள்ள போனப்புறம் யாரு அளக்கப்போறா?”

“கல்லு அளக்கும்மா. அதுகிட்ட சிபாரிசு செல்லாது.”

அந்தப் பெண் மேசைமேல் விரித்திருந்த அட்டவணையை மூடினார். பிறகு, “புதுக் கல்லுக்கு எத்தன நாளாகும்?” என்று கேட்டுக்கொண்டே தொலைபேசியை எடுத்து, திங்கட்கிழமை பம்பு ஓட வேண்டாம் என்று சொன்னார்.

மூன்று நாள் ஆனது. எண் இரண்டரை மடங்கு. அந்தச் சோப்பு பாதி வழிகூடப் போயிருக்காது. முதலில் மலிவான வேறொன்றைச் செலுத்திப் பாறையின் பசியை அடக்கிய பிறகே சோப்பு போக வேண்டும். அதற்கு ஆறு மாதச் சோதனை. திட்டம் யாரிடம் இருக்கும் என்பதை மேலிடம் இன்னும் சொல்லவில்லை.

திருத்திய அறிக்கையைப் பொறியாளரே எழுதிக் கொண்டுவந்தார். காரணம் என்ற இடத்தில், ‘மாதிரிகளைச் சேமித்ததில் ஏற்பட்ட குழப்பம்’ என்றிருந்தது.

“இது போதும்ணே. கையெழுத்துப் போடுங்க.”

நுரையண்ணன் கண்ணாடியை மாட்டி, அந்த வரியை இருமுறை படித்தார். அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். அடித்தாலும் அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும் என்பது ஆய்வுக்கூட வழக்கம். மேலே, ‘தட்டு மாற்றி எடுத்தது நான்’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, மை உலரும்வரை காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.