கொல்லிமலையில் ஒரு கைப்பிடி சாமை

நான்கு ஆண்டுகளாகத் தம்பி வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு நான் போகவில்லை. சாமுவேல் மிஷனரி, கொல்லிமலையில் அரியூர் நாடு என்ற பகுதியில் குடும்பத்தோடு இருக்கிறான். அப்பாவின் அடக்கம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்து வந்து நின்றவன். மலைப்பாதையில் மரம் விழுந்துவிட்டது என்றான். நான் நம்பவில்லை. இந்த முறை அவன் மனைவி கிரேஸ் விடாமல் போன் செய்ததால் கிளம்பினேன். மதியம் சாப்பிட்டதும் மூன்று மணி பஸ்ஸில் மலை இறங்கிவிடுவதாகத் திட்டம்.

நாமக்கல்லில் காலை 6.10க்குப் பஸ். மலைமேல் உள்ள செம்மேட்டுக்கு இரண்டரை மணி நேரம், டிக்கெட் 58 ரூபாய். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். அங்கிருந்து ஜீப்புக்கு 300 ரூபாய்.

"பாஸ்டர் ஊட்டுக்குங்களா?" என்றார் டிரைவர்.

"ஆமாம். அவன் அண்ணன்."

"விருந்துக்குப் போற மூஞ்சியா இல்லீங்களே!"

வாசலில் முப்பது பேர், பாதிப் பேர் ஊர் விவசாயிகள். நடுவே ஒரு முறம். தம்பி குடும்பம் இங்கே வந்த முதல் ஆண்டு மழையில் பாதை அடைபட்டு, கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் அரிசி இல்லை. ஊரார் ஆளுக்கொரு கைப்பிடி சாமை கொண்டுவந்தார்களாம். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ்தோறும் ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்லி, ஒரு கைப்பிடி சாமையை முறத்தில் இடுவது வழக்கம். எல்லாரும் சொன்ன பிறகுதான் உலை ஏறும்.

கிரேஸ் ஊராருக்கு நன்றி சொன்னாள். சாமுவேல் எழுந்து, "அப்பாவைக் கடைசிவரை பாத்துக்கிட்ட அண்ணனுக்கு" என்றான். நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் நான் மட்டும் மிச்சம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கோழிக்குழம்பு மணத்தது.

"ஏனுங்க, சீக்கிரம் சொல்லுங்க. உங்க சாமிக்கே பசிச்சிருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு நல்லம்மா. ஒரே சிரிப்பு.

"பஸ் நேரத்துக்கு வந்தது. அதற்கு நன்றி."

"அட, பஸ்ஸுக்கா! உங்கப்பா தவறுன அன்னைக்கு பஸ்ஸேது? ரோட்டுல மரம் கெடந்துச்சு. உங்க தம்பி அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு நடந்தே எறங்குனாருங்க, கொட்டுற மழையில. எங்க ஊட்டுக்காரருதான் டார்ச் புடிச்சுக் கூடப் போனாரு."

அவர் கணவர் முறத்தின் அருகே கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். சாமுவேல் குனிந்து தரையைப் பார்த்தான். இதை அவன் என்னிடம் சொன்னதே இல்லை. சொல்ல நான் விட்டால்தானே.

இரண்டு கைகளாலும் சாமையை அள்ளி முறத்தில் இட்டேன். "டார்ச் பிடித்தவருக்கு" என்றேன். தம்பி பக்கம் திரும்பினேன். "நடந்தவனுக்கும்."

"ஒல வைங்க கண்ணு!" என்று கத்தினார் நல்லம்மா.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஒரு நாள் பயணம்தானே என்று மாற்றுச்சட்டை இல்லாமல் போகாதீர்கள். நான் மூன்று நாள் தம்பியின் சட்டையில் இருந்தேன். தோளில் கொஞ்சம் பிடித்தது. பரவாயில்லை.