பின்னறை மெஷினும் நான் மாட்டிய கம்பியும்

மாலை நாலு பத்துக்குப் பின்னறையிலிருந்து என் மகள் கூப்பிட்டாள். "அப்பா, பீரோவத் தொட்டா ஷாக் அடிக்குது." அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் நான் எழுந்து ஓடினேன், ஏனென்றால் அந்த அறைக்கு மின்சாரம் எப்படிப் போகிறது என்பது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டி வாய்க்கால் போகிறது. மலையடிவார லோயர் கேம்ப் வழியாக அணைத் தண்ணீர் இறங்கிப் பாசனத்துக்குத் திறந்துவிட்டால், நாலைந்து நாளில் அந்தச் சுவர் முட்டளவு உயரத்துக்கு நனைந்துவிடும். பிறகு கறுப்புப் பூசணம். மகளுக்கு வீசிங் உண்டு. அவள் படிப்பதும் படுப்பதும் அந்த அறையில்தான். அறையைக் காய வையுங்கள் என்று தேனி டாக்டர் சொன்னதால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும் மெஷின் ஒன்றை வாங்கினோம்.

சின்னமனூர் எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். சுவரில் ஈரம் படாத உயரத்தில் தனி பிளக் பாயிண்ட் வைக்க வேண்டும், அதுவரை மெஷினை ஓட்ட வேண்டாம் என்றார். மின்கசிவு இருந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் டிரிப்பர் ஒன்றையும் போர்டில் மாட்டிவிட்டுப் போனார். சுவரை உடைத்தால் தூசி கிளம்பும், மகளின் தேர்வு முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். சமையலறையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, இரும்பு பீரோவுக்குப் பின்னால் தரையில் வைத்து மெஷினை ஓட்டினேன். டிரிப்பர் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுந்தது. எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்து அதைக் கழற்றச் சொன்னேன்.

"இது வீடுண்ணே, மோட்டார் ரூம் இல்ல. ஏன் விழுதுன்னு பாக்கணும். ரெண்டு நாள்ல வாரேன்," என்றார்.

மோட்டார் ரூமில் நாங்கள் எல்லோரும் செய்வதுதான் அது. தண்ணீர்க் காலத்தில் டிரிப்பர் நிற்காது. ஒரு துண்டுக் கம்பியால் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் நேராக இணைத்துவிட்டுப் பாய்ச்சப் போய்விடுவோம். தோட்டத்தில் அப்பாவோடு நின்று பழகிய கை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டு டிரிப்பருக்கும் நானே அப்படிக் கம்பி கொடுத்தேன். கரண்ட் போனாலும் மெஷின் நிற்கக்கூடாது என்று பாக்ஸை இன்வெர்ட்டர் லைனிலும் சேர்த்தேன். அன்றிரவு மகள் இருமாமல் தூங்கினாள். நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இப்போது வாசலில் நின்று பார்த்தேன். நிறைந்த தொட்டியை எடுக்கும்போது கை நழுவிக் கொட்டியிருக்கிறாள். தண்ணீர் பீரோவுக்கு அடியில் ஓடியிருந்தது. அவள் மரக்கட்டிலில் ஏறி நின்றாள். மெஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எறங்காத. எதையும் தொடாத," என்று சொல்லிவிட்டு ஓடி மெயினை இறக்கினேன். திரும்பி வந்தால் பச்சை விளக்கு அப்படியே எரிகிறது. இன்வெர்ட்டர். என் கையால் கொடுத்த இணைப்பு ஒரு நிமிடம் என் நினைவிலேயே இல்லை. மாடிப்படிக்குக் கீழே போய் அதையும் அணைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் விளக்கு போயிருந்தது, மெஷின் சத்தமும் அடங்கியிருந்தது. அந்த அமைதியில்தான் அவள் மூச்சு இழுப்பது கேட்டது.

இன்ஹேலர் பீரோவின் மேல் இருந்தது.

மனைவி கூடத்தில் எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றாள். "எடுத்துட்டாக. மார்க்கையன்கோட்டைகிட்ட இருக்காகளாம், வந்துட்டேன்னு சொல்றாக. தண்ணியில யாரும் கால் வைக்கக் கூடாதாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "எம்.ஏ. படிச்சவுக பாக்குற வேலையா இது?"

எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் ஒரு நிமிடம் முன்பும் அப்படித்தான் நினைத்தேன். மகளின் தோள்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. ஐந்து நிமிடம் ஆனதா, இரண்டுதானா, தெரியவில்லை.

கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டி வெயிலில் கிடந்தது. காய்ந்த மூங்கில். இரும்புக் கொக்கி இருந்த முனையை என் பக்கம் திருப்பினேன். ரப்பர் செருப்போடு, வாசற்படியைத் தாண்டாமல், வெறும் மூங்கில் முனையை பீரோவின் மேல் நீட்டினேன். முதலில் அவளுடைய சீப்புதான் தண்ணீரில் விழுந்தது.

"அப்பா," மூச்சு வாங்கி, "முருங்கக்கா இல்லப்பா அது. மெதுவா."

இரண்டாம் தடவை இன்ஹேலர் உருண்டு மெத்தையில் விழுந்தது. உறிஞ்சினாள். கண்ணை மூடி, மறுபடியும் உறிஞ்சினாள். நான் தொரட்டியைக் கீழே வைக்காமலே நின்றேன். தோள்பட்டை மெல்ல அடங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. எலக்ட்ரீசியன் நேராக உள்ளே வந்தார். மெயினையும் இன்வெர்ட்டரையும் பார்த்தார். சமையலறையில் எக்ஸ்டென்ஷன் பிளக்கை உருவினார். டெஸ்டரால் பீரோவைத் தொட்டார், மெஷினைத் தொட்டார்.

"ஆத்தா, இப்ப எறங்கி வா. ஒண்ணுமில்ல."

அவள் வந்து தன் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அவர் போர்டைத் திறந்து அந்தத் துண்டுக் கம்பியை டெஸ்டரால் சுட்டிக் காட்டினார்.

"யாரு குடுத்தது?"

"நான்தான்."

அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"மெஷினு நல்லாத்தான் இருக்குண்ணே. டிரிப்பரும் நல்லாத்தான் இருந்திருக்கு. ஈரத்துல பாக்ஸு கசிஞ்சதுக்குத்தான் விழுந்திருக்கு. பாப்பாவ முன்னறைக்கு மாத்துங்க. வாங்க, மொதல்ல அந்த ஈரச் செவுத்தப் பாப்பம்."