கண்ணாடியைத் தொலைத்த ஃபயர்மேன்

ஏன் என்று கேட்காமல் தாரணியால் ஒரு நாளும் இருக்க முடிந்ததில்லை. சிங்கப்பூர் தோ பாயோவில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட், எட்டாவது மாடிக்கு வந்தால் மட்டும் எதற்காக ஒரு குலுக்குக் குலுக்குகிறது என்று ரிப்பேர்காரரை நிற்க வைத்து அரை மணி நேரம் விசாரித்தவள் அவள். அடுத்த முறை அவளைப் பார்த்ததும் அந்த மனுஷன் படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டார். நாற்பத்தாறு வயதாகிறது, குணம் மாறவில்லை.

தொழிலும் அதற்கேற்ற மாதிரிதான் வாய்த்தது. பதினெட்டு வருடமாக ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வரி எழுதுகிறாள். திரைக்கு அடியில் இரண்டு விநாடி வந்து மறைகிறதே, அந்த வரி. சோபாவில் சாய்ந்து முறுக்கு கடித்துக்கொண்டு நாம் மேய்கிற அதை யாரோ ஒருத்தி உட்கார்ந்து எழுதியிருப்பாள் என்று நமக்கு என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? தோன்றாது. சாப்பாட்டு மேசையில் ஒரு லேப்டாப், காதை மூடும் பெரிய ஹெட்ஃபோன், பக்கத்தில் கோப்பையில் ஆறிப்போன தே. அவளுடைய ஆபீஸ் அவ்வளவுதான்.

இதில் ஒரு சட்டம் உண்டு. கம்பெனி அனுப்பும் வசனத்தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் தமிழில் எழுத வேண்டும். தாளை மீறினால் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், அப்புறம் வேலை வராது. தாரணிக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. ஒரு சமையல் நிகழ்ச்சியில் வெள்ளைக்கார அம்மாள் வேப்பிலையைக் கறிவேப்பிலை என்று சொல்லி எண்ணெயில் போட்டாள். தாரணி உள்ளதை எழுதினாள். இன்னொன்றில் தைப்பூசக் காவடியைக் காட்டித் தீபாவளி என்றார்கள். அதையும் திருத்தினாள். சரியாகத்தானே எழுதினாள் என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கம்பெனியிடம் போய்க் கேளுங்கள்.

இந்த லட்சணத்தில்தான் அந்த ரயில் படம் வந்தது. வியாழக்கிழமை வந்தது, திங்கள் மதியம் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும், அடுத்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு டிவியில் ஒளிபரப்பு. அறுபது, எழுபது வருடத்துக்கு முந்திய படம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கதை. பாலைவனத்து ஓரம் ஒரு ஊரைக் கலகக்காரர்கள் வளைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஜட்ஜ், அவர் மகள், இரண்டு கன்னியாஸ்திரிகள், காயம்பட்ட சிப்பாய்கள் எல்லாரும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த கிழட்டு நீராவி எஞ்சினைக் கிளப்பி, இவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு மேஜர் தப்பித்து ஓடுகிறான். தண்டவாளம் பெயர்ந்து கிடக்கிறது, மலை மேலிருந்து பாறை உருள்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, விறுவிறுப்பான படம். தாரணியே நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தாள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு வந்த அவள் கணவன் சரத், பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"பாலைவனத்துல ரப்பர் மரமா? இங்க பக்கத்துல எங்கயோ எடுத்திருக்கான் லா!"

அவன் சொன்னது உண்மைதான். படத்தோடு வந்த குறிப்பில் 'படப்பிடிப்பு: மலாயா' என்று போட்டிருந்தது.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் தாரணியின் விரல் நின்றது. எஞ்சின் அறைக்குள் மேஜர் நிற்கிறான். பக்கத்தில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன், தலையில் துண்டு, முகமெல்லாம் கரித்தூள். திடீரென்று ஷவலைப் போட்டுவிட்டு அந்த ஆள் என்னவோ கத்துகிறான். வசனத்தாளில், 'தன் மொழியில் கடவுளை வேண்டுகிறான்' என்று இருந்தது. உடனே மேஜர் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டு, "சாமி கும்பிடுகிற நேரமா இது? கரியைப் போடு!" என்கிறான். அந்தக் காலத்துத் தியேட்டரில் இதற்குச் சிரித்திருப்பார்கள்.

தாரணி சிரிக்கவில்லை. அந்த ஆள் கத்தியது தமிழ்!

ஹெட்ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டினாள். நீராவி இரைச்சலில் பாதி அடித்துக்கொண்டு போய்விட்டது. இருபது தடவை கேட்டபின் இரண்டு சொல் மட்டும் தட்டுப்பட்டது. கண்ணாடி. காணல. இதில் எந்தச் சாமி வருகிறது?

"பாவம், மூக்குக் கண்ணாடியத் தொலைச்சிட்டான்" என்றான் சரத்.

"ஃபயர்மேன் எங்கங்க மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான்?"

"அதான் தொலைச்சிட்டானே, எப்படிப் போட்டிருப்பான்?"

அவன் சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டான். தாரணிக்கு மண்டை குடைந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் மற்ற வரிகளையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்தாள். யாராக இருந்தாலும் இப்படித் தொண்டை கிழியக் கண்ணாடியைத் தேடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்கப் போனவள், கிளைவ் ஸ்திரீட்டில் போன் ரிப்பேர் செய்யும் நஸீஹாவின் கடைக்குள் நுழைந்தாள். அந்தப் பெண்ணிடம் நல்ல ஸ்பீக்கர்கள் இருக்கும். தன் போனிலிருந்த அந்தக் காட்சித் துண்டை அவற்றில் போட்டுக் கேட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று தடவை. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். எல்லாரும் வார விடுமுறையில் வந்த வெளிநாட்டு வேலையாட்கள்.

உடைந்த போனோடு வரிசையில் நின்ற ஒரு பையன் கழுத்தை நீட்டினான். முப்பது வயதிருக்கும்.

"யாருக்கா அது, பாய்லர் ஓட்டுறது?"

தாரணி சட்டென்று திரும்பினாள். "பாய்லர்னு எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

"அதான் சொல்றாரே. 'தொர, கண்ணாடில தண்ணி காணல, நிறுத்துங்க தொர'ன்னு."

அவன் பெயர் வெங்கடேஷ், ஊர் ஆரணி. துவாஸில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் ரூமில் வேலை. பாய்லரின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று அதில்தான் பார்க்க வேண்டும் என்று அவன் விளக்கினான். இங்கே கேஜ் கிளாஸ் என்பார்கள். ஆரணி ரைஸ் மில்லில் பழைய ஆட்களுக்கு அது வெறும் கண்ணாடிதான்.

"தண்ணி தெரியலைன்னா?"

"நெருப்ப அணைக்கணும்க்கா. இல்ல, பாய்லர் வெடிச்சு அத்தன பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்."

"படத்துக்காக அப்படிச் சொல்லியிருப்பாரோ?"

வெங்கடேஷ் போனை வாங்கிக் காட்சித் துண்டு முழுவதையும் பார்த்தான். இரண்டாம் முறை பார்க்கும்போது முகம் மாறிவிட்டது.

"இது நடிப்பு இல்லக்கா. நடிக்கிறவன் அந்த மேஜர் மூஞ்சியப் பாப்பான். இவரு கண்ணாடிய விட்டுக் கண்ண எடுக்கவே இல்ல. நெசமாவே தண்ணி இல்ல. எஞ்சின நிறுத்தச் சொல்லிக் கத்துறாரு, அவனுங்க அதையும் படமாப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க." அடுத்த காட்சி ஓடியது. அவன் விரலால் நிறுத்தினான். "இங்க பாருங்க. இது வேற ஆளு."

"அதே துண்டு, அதே கரி மூஞ்சிதானே?"

"முன்னாடி இருந்தவரு இடது கைக்காரரு. இவன் ஷவல வலது பக்கமாப் புடிக்கிறான்."

படம் அடுத்த ஞாயிறு டிவியில் வரும் என்று சொல்லி, அவனிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுத் தாரணி வீட்டுக்கு வந்து கடைசி வரை தேடினாள். அறை வாங்கியதற்குப் பிறகு, படம் முடியும் மட்டும், அந்த இடது கைக்காரர் ஒரு காட்சியில்கூட வரவே இல்லை. படம் முடிந்து ஓடும் பெயர்களில் குதிரை பழக்கியவர் பெயர் இருந்தது, சிகை அலங்காரம் செய்தவர் பெயர் இருந்தது. ஃபயர்மேன் பெயர் இல்லை.

திங்கள் காலை காலி இடத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினாள். பதினொன்றரைக்கு ஷாஹித் போன் செய்தான். கம்பெனியில் தமிழ் வரிகளைச் சரி பார்க்கிற பொறுப்பு அவனுடையது. நல்ல பையன், ஆனால் கையில் எப்போதும் தாள்தான்.

"தாரணிக்கா, நாப்பத்தேழாவது நிமிஷம். ஸ்கிரிப்ட்ல prayer-னு இருக்கு. நீங்க என்னமோ தண்ணின்னு எழுதியிருக்கீங்க?"

"காது குடுத்துக் கேளுங்க ஷாஹித்."

அவன் கேட்டான். போனில் நீராவி இரைச்சல் மூன்று முறை வந்து போனது.

"கேக்குதுக்கா. தமிழ்தான். ஆனா அடுத்த வசனத்தோட ஒட்டலையே. 'சாமி கும்பிடுற நேரமா'ன்னு கேக்கிறான், இவரு தண்ணி இல்லன்றாரு. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"மேஜருக்கு ஒண்ணுமே புரியலன்னு நினைப்பாங்க. அதுதானே நடந்துச்சு?"

ஷாஹித் பெருமூச்சு விட்டான். "என் கையில இல்லக்கா. பன்னெண்டுக்குள்ள மாத்தி அனுப்பிடுங்க, நான் கண்டுக்கல. மாத்தலைன்னா இப்படியே டெலிகாஸ்ட்டுக்குப் போகும், திரும்பப் பாக்க டைம் இல்ல. ஆனா நான் deviation-னு, தாள மீறிட்டீங்கன்னு எழுதியாகணும். உங்களுக்கு இது மூணாவது."

போனை வைத்துவிட்டுத் தாரணி அந்த வரியைப் பார்த்தாள். அழிப்பதற்கு ஒரு நொடி போதும். இரண்டு விநாடி வரிக்காகப் பதினெட்டு வருடத்தைத் தூக்கிக் கொடுப்பவள் பைத்தியக்காரி இல்லாமல் வேறென்ன? பயமாகத்தான் இருந்தது. இந்த வயதில் யாரிடம் போய் வேலை கேட்பது? 'கடவுளை வேண்டுகிறான்' என்று டைப் செய்தும் பார்த்தாள். செய்தவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் உயிரையும் காப்பாற்றக் கத்தியவரைக் கோழை என்று அறைந்தார்கள். இத்தனை வருடம் ஊர் உலகமெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்தது. அவர் பேசிய பாஷை தெரிந்த ஒருத்தி கையில் படம் வந்து சேர்ந்த பிறகும், அவளுமா அவரைச் சாமி கும்பிட வைக்க வேண்டும்?

டைப் செய்ததை அழித்தாள். முதலில் எழுதியதே நின்றது. பன்னிரண்டு மணி ஆனது. மேசையை விட்டு எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள்.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ஈமெயில் வந்தது. மூன்றே வரி, நன்றி என்று முடித்திருந்தார்கள். சரத் படித்துவிட்டு, "கண்ணாடியத் தொலைச்சது அவன், வேலையத் தொலைச்சது நீ" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய் அவளுக்குத் தே கலக்கினான்.

ஞாயிறு மூன்று மணிக்கு இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நாற்பத்தேழாவது நிமிடம் வந்தது. துண்டு கட்டிய அந்த மனிதர் ஷவலைப் போட்டுவிட்டுக் கத்தினார். கீழே வெள்ளை எழுத்தில் வந்தது:

'கண்ணாடியில் தண்ணீர் இல்லை துரை! வண்டியை நிறுத்துங்கள்!'

அப்புறம் அறை விழுந்தது.

படம் முடிந்த கொஞ்ச நேரத்தில் வெங்கடேஷ் கூப்பிட்டான். பின்னால் வேலையாட்கள் தங்கும் டார்மிட்டரியின் சத்தம் கேட்டது.

"பாத்தோம்க்கா. ரூம்ல பன்னெண்டு பேரு. அவரு கத்துனதும் 'டேய், நிறுத்துங்கடா!'ன்னு எல்லாப் பயலும் டிவியப் பாத்துக் கத்திட்டானுங்க."

"நெசமாவா?"

"ஆமாக்கா. பிரஸ் மிஷின்ல, கிரேன்ல, டேங்க் உள்ளன்னு எல்லா வேலையும் பாக்கிறவனுங்க. ஆளாளுக்கு ஒரு தடவையாவது நிறுத்துங்கன்னு கத்தியிருப்பானுங்க. ஜட்ஜு தப்பிச்சாரு, அவரு பொண்ணு தப்பிச்சுது, அத ஒருத்தனும் கண்டுக்கல. அந்த மனுஷன் தப்பிச்சாரான்னுதான் என் உசுர வாங்குறானுங்க. என்னக்கா சொல்லட்டும்?"

தாரணி டிவியை அணைத்தாள்.

"தெரியலன்னு சொல்லுங்க தம்பி" என்றாள். "அவரு பேருகூட எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க."