கடிக்கக் கூடாத கமர்கட்டு

பேளுக்குறிச்சியிலிருந்து ஆடித் திருவிழாவுக்குக் காரில் கொல்லிமலை ஏறும்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் ஒரு கூத்து நடக்கும். முதல் கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகள் வாயில் ஆளுக்கொரு கமர்கட்டு போடப்படும். கடிக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. மலை உச்சிவரை யார் வாயில் மிஞ்சுகிறதோ அவர் ஜெயித்தவர். இந்த மகத்தான பாரம்பரியத்துக்குக் காவலர் என் அண்ணன். “இதையெல்லாம் பிள்ளைங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

போன ஆடியில், பாதி மலையில் என் ஐந்து வயது மகன் திடீரென்று அசையாமல் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் வழிந்தது.

“ஏனுங்கண்ணா, இவன் அழறானுங்க” என்றேன்.

அண்ணன் செல்போனில் படம் பிடித்தபடியே, “வாயைத் தொறந்துடாத சாமி, நீதான் ஜெயிக்கிற!” என்றார். நானும் கைதட்டினேன், வெட்கங்கெட்டவள். உதடு நீலமானபோதுதான் தொண்டை அடைத்திருப்பது புரிந்தது. என் கணவர் காரை நிறுத்துவதற்குள் பிள்ளையைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தேன். நாலாவது அடியில் கமர்கட்டு வெளியே விழுந்தது.

அண்ணன் அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அட, பாதிகூடக் கரையலியே!”

இந்த வருடம் கமர்கட்டை வீட்டிலேயே பொடித்து எடுத்துப்போனேன். மலையேறி, காரை விட்டு இறங்கி, மகனை உட்காரவைத்துக் கொடுத்தேன். அவன் முதலில் எனக்கு ஊட்டினான். நான் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் தன் பங்கைத் தொட்டான்.

அண்ணன் சொன்னது சரிதான். பிள்ளை மறக்கவில்லை.