துரும்பும் நகரக் கூடாது

யார் வீட்டு மாடித் தளம் ஒழுகினாலும் இந்தக் கொத்தனாரைத்தான் கூப்பிடுவார்கள். விரிசலைப் பார்த்ததுமே தண்ணீர் எங்கே புகுந்து எங்கே இறங்குகிறது என்று சொல்லிவிடுவார். வேலையில் கெட்டிக்காரர். கோபம் வந்தால் மட்டும் கண் மண் தெரியாது.

அப்பா விட்டுப்போன வீட்டில் அவருடைய அக்கா குடியிருந்தார். அவர் மாடியில் ஓர் அறை கட்டப் போகிறார் என்று காதில் விழுந்ததும், தன் பங்கு கைவிட்டுப் போய்விடும் என்று நீதிமன்றத்துக்கு ஓடினார் தம்பியான கொத்தனார். பாகம் பிரியும்வரை புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்று தடையுத்தரவு கிடைத்தது. அதோடு விட்டாரா? தெருவே கேட்க, அக்கா வாசலில் நின்று கத்தினார்.

“இருக்கிறது இருந்தபடியே இருக்கணும்! ஒரு துரும்பை நகர்த்தினாலும் ஜெயில்தான்!”

உத்தரவில் துரும்பும் கிடையாது, ஜெயிலும் கிடையாது. எல்லாம் அவருடைய கைச்சரக்கு.

மழை பிடித்துக்கொண்டது. அக்கா வீடு ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அன்று கொத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. வக்கீலிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஒழுகுறதை அடைக்கக் கூடாதுன்னு யாருய்யா சொன்னது? புதுசாக் கட்டத்தான் தடை. ரிப்பேர் தாராளமாப் பாக்கலாம்.”

யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாதா? குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்ன, சிமெண்டும் கையுமாக அக்கா வீட்டுக்குப் போனார்.

கூடம் முழுக்கப் பாத்திரங்கள். சொட்டுச் சொட்டென்று சத்தம். ஈரத் தரையில் சாக்கை விரித்து அதன்மேல் படுக்கையைப் போட்டிருந்தார் அக்கா. இருமல் வேறு. ஒரே ஒரு மூலைதான் காய்ந்திருந்தது. அங்கே, சண்டை போட்டுக் கிளம்பிய அன்று இவர் விட்டுப்போன கருவிப் பெட்டி இருந்தது. அதன் மேல் படிந்த தூசியைக்கூட யாரும் தட்டவில்லை.

“ஏன்க்கா, இந்தப் பெட்டியைத் தள்ளிட்டு இங்க படுத்திருக்கலாமே?”

“எப்படிடா தள்ளுறது? ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாதுன்னு கோர்ட்டு சொன்னதா நீதானே வந்து சொன்ன?”

அந்தக் குரலில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். இல்லை. அக்கா அதை அப்படியே நம்பியிருந்தார்.

“கோர்ட்டு சொல்லலக்கா. நான்தான் சொன்னேன்.”

அக்கா பெட்டியைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

“அப்போ, நகர்த்திக்கட்டுமாடா?”