பால் ஊற்றிவிட்டு வந்ததும் கால் மணி நேரம்

காவாந்தண்டலத்தில் மாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும் பெண்கள் பேசுவதெல்லாம் பிள்ளைகளின் மார்க்கைப் பற்றித்தான். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குத் தலை சூடாகிவிடும். பிளஸ் டூ படிக்கும் என் மகள் நித்யா அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் ஃபெயில். காலி கேனைக் கீழே வைப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிடுவேன்.

ஒருநாள் அவள் பொதுத்தேர்வு வரைக்கும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

"காலைல வேதியியல்மா. சாயங்காலம் ஏழு மணி வரிக்கும் கணக்கு, ஏழேகாலுக்கு இயற்பியல்" என்று காட்டினாள்.

"நடுவுல கால் மணி நேரம் காலியா கீதே, இன்னாத்துக்குடி? தூங்கறதுக்கா?"

"நீ பால் ஊத்திட்டு வந்து திட்டுவ இல்ல, அதுக்குத்தான். அத்த சேக்காம பிளான் பண்ணா எல்லாம் தள்ளிப்பூடுதும்மா."

அவள் குரலில் கிண்டலே இல்லை. கரண்ட் போகும் நேரத்தைக் கணக்கில் வைப்பது போல என் கோபத்தையும் வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்க் கொஞ்சம் அழவும் செய்தேன்.

திருப்புதல் தேர்வில் பாஸாகிவிட்டாள். அந்தக் கால் மணி நேரம் இன்னும் என்னுடையதுதான். பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் அவள் படித்த வேதியியலில் கேள்வி கேட்கிறேன். பாதிப் பெயர்கள் என் வாயில் நுழைவதில்லை. எத்தனை தடவை தப்பாக வாசித்தாலும் நிதானமாகத் திருத்துகிறாள். ஒரு தடவைகூட என்னைத் திட்டியதில்லை.