யார் பார்க்கிற டிவி?

எங்கள் தெருவில் அவருக்கு டார்ச்சக்கா என்று பெயர். டிவி பழுது பார்க்க வரும்போது கையில் ஒரு டார்ச் லைட் இருக்கும், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். டிவி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் இருட்டறையில் உட்கார்ந்து, வரிசையாக வரும் திரைகளில் குறை கண்டுபிடித்தவர். கம்பெனியை மூடியதும், உடன் வேலை பார்த்த பெண்கள் துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போனார்கள். இவர் மட்டும் ஸ்க்ரூடிரைவரும் மீட்டரும் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். மெக்கானிக் பின்னால் வருகிறாரா என்று வாசலிலேயே கேட்டவர்கள் நிறையப் பேர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதில் ஒருவன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே வந்து, டிவி பக்கம்கூடத் திரும்பாமல் கேட்டார். "இந்த டிவிய யாரு சார் பாக்குறது?"

கூப்பிட்டவன் நான், என்னிடம் விவரம் கேட்க வேண்டியதுதானே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். வேண்டாவெறுப்பாக என் மனைவியைக் காட்டினேன்.

நாலு மாதத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், ஒரு நாள்கூடப் பயிற்சியை விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் தன் முகத்தையே வீடியோ எடுத்து அனுப்பினாள். தண்ணி, பசி, வலி என்று ஒவ்வொரு சொல்லையும் உதடு தெரிய, நிதானமாகச் சொல்லுவாள். போனின் சின்னத் திரையில் பார்க்க என் மனைவிக்குக் கண் தெரியாது. அதனால் பெரிய டிவியில் போட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன். டிவியின் முதுகு சமையலறைப் பக்கம். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் என் மனைவியின் முகம்தான் தெரியும், திரை தெரியாது.

மூன்று மாதம் ஒழுங்காகத்தான் போனது. தட்டுத்தடுமாறி இரண்டு சொல்கூட வந்தது. பிறகு என்னவோ சோர்ந்துவிட்டாள். நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இடது கையை நீட்டி, "போ" என்பாள். முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசாதவள். என் முகம் சுண்டிப்போகும். சரி, நான் இருப்பது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று திரும்பிவிடுவேன். மகளின் குரல் கேட்டுக்கொண்டே இருப்பதால் டிவி ஓடுகிறது என்றே நினைப்பேன். அப்புறம் வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருக்கும். ரிமோட்டில் எதையோ அமுக்கிவிட்டாள் என்று சத்தம் போட்டபடி அணைத்துப் போடுவேன், படம் வந்துவிடும். ஒரு கடைக்காரர் ஐந்தே நிமிஷம் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே ஓடுகிறது என்று போய்விட்டார். அம்மா காரணமில்லாமல் கை நீட்ட மாட்டாள், இன்னொருவரைக் கூப்பிடுங்கள் என்று மகள்தான் விடாமல் நச்சரித்தாள்.

டார்ச்சக்கா என் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். படம் ஓடும்போதே போகிறதா என்று கேட்டார். தலை ஆடியது. ஐந்து நிமிஷத்திலா, பத்திலா, இருபதிலா என்று விரல்விட்டுக் காட்டினார். இருபதுக்குத் தலை வேகமாக ஆடியது. அப்படியானால் இருபது நிமிஷம் எல்லோரும் உட்காரலாம் என்று என்னையும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவள் பக்கம் உட்கார்ந்து நான் அந்த வீடியோவைப் பார்த்ததே அன்றுதான்.

பதினெட்டாவது நிமிஷம் மகளின் முகம் சட்டென்று மறைந்தது. குரல் மட்டும் "வலி... வலி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. என் மனைவி கையை நீட்டினாள்.

"போ..."

பழக்க தோஷம், நான் எழுந்துவிட்டேன்.

"ஆமாம்மா, போச்சு," என்றார் டார்ச்சக்கா. "எனக்கும் படம் தெரியல. போச்சு."

என் மனைவி உடல் குலுங்க அழுதாள். போச்சு, போச்சு என்றுதான் ஒரு மாதமாகச் சொல்லியிருக்கிறாள். அதில் பாதிதான் வாயில் வந்திருக்கிறது. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் நான். ஊரார் விட்ட எழுத்தையெல்லாம் போட்டவன், வீட்டில் கோட்டை விட்டுவிட்டேன்.

டார்ச்சக்கா கறுத்த திரையின் மேல் டார்ச்சை அடித்தார். உள்ளே, மங்கலாக, மகளின் வாய் அசைந்துகொண்டிருந்தது. படம் அப்படியே இருக்கிறது, அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் அணைகிறது என்றார்.

கட்டிலில் போர்வை விரித்து டிவியைக் குப்புறப் போட்டு, பின்மூடியைக் கழற்றிவிட்டு நிமிர்த்திப் போட்டோம். கண்ணாடித் திரையை இரண்டு பேராகத் தூக்கி எடுத்தோம். உள்ளே நீளமான பட்டைகளில் சட்டைப் பொத்தான் அளவுக்கு விளக்குகள் வரிசையாக இருந்தன. விளக்குகளை எரியவிட்டு, தலைமுடி காயவைக்கும் மெஷினை எங்களிடம் கேட்டு வாங்கி ஒவ்வொரு பட்டையிலும் சூடு காட்டினார். மூன்றாவது பட்டையில் எல்லா விளக்கும் பொசுக்கென்று அணைந்தன. ஒரு விளக்கின் அடியில் அதை ஒட்டவைத்த ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தது, சூடேறினால் விலகிவிடுகிறதாம். மனைவிக்குக் கண் தெரியட்டும் என்று நான்தான் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருந்தேன். அந்தச் சூடுதான் வினை. அவர் கடைக்குப் போய் அதே அளவில் புதுப் பட்டைகள் வாங்கிவந்து எல்லாவற்றையும் மாற்றினார், வெளிச்சத்தையும் குறைத்து வைத்தார்.

மாட்டி முடித்ததும் கிளம்பவில்லை. ஒரு மணி நேரம் என் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தார். மகள் முகம் ஒரு தடவைகூட மறையவில்லை.

வாசல் வரை போய், நாங்கள் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையேம்மா என்றேன். "வாங்குறவங்க வேற, பாக்குறவங்க வேற சார். பாக்குறவங்களுக்குத்தான் தெரியும்," என்று சொல்லி செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கும் தினம் ஒரு தடவை இதை நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளே வந்து, வழக்கம்போல் சமையலறைப் பக்கம் திரும்பினேன். என் மனைவி பக்கத்து நாற்காலியை இடது கையால் தட்டினாள்.

"உக்... காரு."

மகள் அனுப்பிய எந்த வீடியோவிலும் அந்தச் சொல் இல்லை. அதை அவளே தேடி எடுத்திருக்கிறாள். நான் உட்கார்ந்தேன். திரையில் மகள் தண்ணி என்றாள். என் மனைவி சொன்னாள், அவளோடு சேர்ந்து நானும் சொன்னேன்.